கல்யாணராமனும் மூலன் மனைவியும்

தமிழ்ப் பேய் ஒன்று 1985ஆம் ஆண்டு ஜப்பானுக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு வெளிவந்த ‘ஜப்பானில் கல்யாணராமன்’ படத்தைச் சொல்கிறேன். எஸ்.பி. முத்துராமன் இயக்கம், பஞ்சு அருணாசலம் எழுத்து, இளையராஜா இசை. கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். கூடவே ராதா, சத்யராஜ், கவுண்டமணி. 1979இல் வந்து நன்றாக ஓடிய ‘கல்யாணராமன்’ படத்தின் தொடர்ச்சி அது. முதற்படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பனிக்காலத்தில், அப்டன் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டில், இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் அம்மாவோடு இருந்து பார்த்தேன். காதலும் பேயும் பகிடியும் கலந்த படங்களைத் தமிழர்கள் எப்படி எடுக்கிறார்கள், ஜப்பானியர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு இந்த இதழுக்கு எழுதுவதுதான் திட்டம். குறிப்புக் கொப்பியும் பேனாவுமாக நான் இருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு அரைக்கண்ணால் பார்த்தார். முதற்படம் முடிகிற நேரத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியால் என் திட்டம் குழம்பிப்போனது. அந்தக் கேள்விக்கு வருமுன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், குறிப்பாக அதைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்கு.

கல்யாணம் பணக்கார வீட்டுப் பிள்ளை. முன்பல் துருத்திய, உலகம் தெரியாத, எவர் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். செண்பகத்தைக் காதலிக்கிறான், செண்பகமாக ஸ்ரீதேவி. சொத்துக்காக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆவியான கல்யாணம் தன் இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடிப் போகிறான். ராமன் நேரெதிர்: வாய்த்துடுக்கும் கைத்துடிப்பும் உள்ளவன். ஆவி அந்த உடலுக்குள் புகுந்து தன் கணக்கைத் தீர்க்கிறது. இயக்குநர் ஜி.என். ரங்கராஜனுக்கு இதுதான் முதற்படம்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் படம் ஏன் சிரிப்பூட்டுகிறது? கல்யாணம் செத்த பிறகும் திருந்துவதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் படங்களில் பேயாவது என்றால் பலம் பெறுவது. உயிரோடு இருந்தபோது அடங்கிக் கிடந்தவள் செத்தபின் தலையை விரித்துக்கொண்டு ஊரை நடுங்கவைப்பாள். அதற்கு முன்பே ‘பட்டணத்தில் பூதம்’ (1967) சிரிக்கவைக்கும் ஓர் அமானுடனைத் தந்திருந்தது. ஆனால் ஜாவர் சீதாராமன் நடித்த அந்த ஜீபூம்பா பிறருடைய காதலுக்கு உதவி செய்யும் பூதம்; அதற்கென்று ஓர் ஏக்கம் கிடையாது. கல்யாணமோ தானே காதலன், தானே பேய். உயிரோடு இருந்தபோது இருந்த அதே வெட்கம், அதே பயம், அதே அசட்டுச் சிரிப்பு. சாவு அவனுக்கு ஒரு வித்தையையும் கற்றுக்கொடுக்கவில்லை. அடிதடிக்குக்கூட அண்ணன் தம்பி முறையில் ஓர் உடம்பை இரவல் வாங்கவேண்டியிருக்கிறது.

கமலின் நடிப்பும் இந்த இரவலில்தான் இருக்கிறது. பல்லைக் கட்டிக்கொண்டு கல்யாணமாவது ஒப்பனைக்காரரின் வேலை. ராமனின் உடலுக்குள் கல்யாணம் ஏறியிருக்கிறான் என்று நம்மை நம்பவைப்பதுதான் நடிகரின் வேலை. பல் உடம்பைச் சேர்ந்தது. வெட்கம் ஆளைச் சேர்ந்தது. ஒரே உடம்பில் ஆள் மாறுவதைத் தோளிலும் கழுத்திலும் காட்டுகிறார் கமல். பின்னாளில் அவர் போட்ட எத்தனையோ வேடங்களுக்கு இது ஒத்திகை போலத் தோன்றுகிறது.

இதையெல்லாம் நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கேட்டார்: “அந்தப் பிள்ளையிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே, உனக்கு ஆர் வேணுமெண்டு?”

பேனாவை வைத்துவிட்டேன். உண்மைதான். செண்பகம் காதலித்தது கல்யாணத்தை. அவள்முன் நிற்பது ராமனின் உடம்பு. அதற்குள் சில வேளை கல்யாணம், சில வேளை ராமன். படத்தின் பெயரே இரண்டையும் ஒட்டிவைத்து, இனிப் பிரச்சினை இல்லை என்கிறது. இரட்டையர் என்ற உத்தி இதற்குப் பெரிய வசதி. முகம் ஒன்றுதான் என்பதால் பார்வையாளருக்கு உறுத்துவதில்லை. செண்பகத்துக்கும் உறுத்தாது என்று படம் எடுத்துக்கொள்கிறது. ராமன் வேறு முகத்தோடு இருந்திருந்தால்? கல்யாணத்தின் ஆவி கடைத்தெருவில் நிற்கும் ஒருவனின் உடலுக்குள் புகுந்துகொண்டு “செண்பகம், நான்தான்” என்று வந்திருந்தால்? அப்போது இது பகிடிப் படமாக இருந்திருக்காது. அல்லது இதைவிட நல்ல பகிடிப் படமாக இருந்திருக்கும்.

*

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. கூடுவிட்டுக் கூடு பாய்வது என்ற சொற்றொடரே நம்மிடம் இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் அரசன் கிளியின் உடலுக்குள் போயிருக்கும் வேளை பார்த்து இன்னொருவன் அரசனின் உடலுக்குள் புகுந்து அரண்மனைக்கு வந்துவிடுகிறான். வந்தவன் தன் கணவன் இல்லை என்று அரசி சந்தேகப்படுகிறாள். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் கிளியின் பக்கம்தான் நின்றிருப்போம். அரசியின் இரவுகளை யோசித்திருக்கமாட்டோம்.

இதைவிடக் கூர்மையான கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகி ஒருவர் ஆவடுதுறைக்கு அருகே, காவிரிக்கரையில், பசுக்கள் கதறுவதைக் காண்கிறார். சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்ற இடையன் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இறந்துகிடக்கிறான். பசுக்கள் அவனை மோந்தும் நக்கியும் சுற்றிச்சுற்றி வருகின்றன. அவற்றின் துயரைப் பொறுக்கமாட்டாமல் யோகி தன் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் நுழைகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் அவை வீடு திரும்ப, அவரும் பின்னாலேயே போகிறார். இவர்தான் பிறகு திருமூலர் ஆகிறார். திருமந்திரம் தமிழுக்குக் கிடைக்கிறது.

ஆனால் அன்று மாலை வீட்டில் மூலனின் மனைவி காத்திருக்கிறாள். நேரமாகிவிட்டதே என்று பயந்து தேடி வருகிறாள். புருஷன் நிற்கிறான். கிட்டப்போய்த் தொடப்போகிறாள். தொடாதே, உனக்கும் எனக்கும் ஓர் உறவும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் மடத்துக்குப் போய்விடுகிறார். அவளுக்குப் பிள்ளையும் இல்லை, சுற்றமும் இல்லை என்கிறார் சேக்கிழார். அந்த இரவு முழுவதும் அவள் தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, அவர் யோகத்தில் இருக்கிறார், இனி இவர் உனக்கில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அதோடு அவள் கதை முடிகிறது. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

சேக்கிழார் பக்தியோடு சொல்கிற இந்தக் கதைக்குள் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. பசுக்களின் துயரம் யோகிக்குத் தெரிந்தது. மனைவியின் துயரம் ஊராருக்கும் ஒரு முறைப்பாடு மட்டும்தான். புருஷன் செத்துவிட்டான் என்று அழுவதற்கும் அவளுக்கு வழியில்லை, ஏனென்றால் உடம்பு நடமாடுகிறது. புருஷன் இருக்கிறான் என்று சமைத்துவைக்கவும் வழியில்லை. தமிழில் பேய்க்காதல் படம் எடுக்கிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பெண்ணின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். ‘கல்யாணராமன்’ சிரித்தபடி வேகமாகத் தாண்டிப்போகிற படம். அம்மா வெங்காயத்தோடு அந்த வாசலில் நின்றுவிட்டார்.

*

மறுநாள் இரவு ‘ஜப்பானில் கல்யாணராமன்’. தமிழ்ச் சினிமாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. எம்.ஜி.ஆர். இயக்கி நடித்து 1973இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்துக்காக 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் படம்பிடித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கமலும் முத்துராமனும் போனதும் ஒரு கண்காட்சிக்குத்தான். ட்சுகுபா நகரில் 1985 மார்ச் 17 முதல் செப்டெம்பர் 16 வரை நடந்த அறிவியல் கண்காட்சி அது. இயந்திர மனிதர்கள், சோனி நிறுவனம் நிறுத்திவைத்த ராட்சதத் திரை என்று வருங்காலத்தைக் காட்டிய இடம்.

கண்காட்சி என்பது ஒரு நாடு விருந்தாளிக்கென்று துடைத்துவைத்த முன்னறை. பேய்கள் அங்கே இருக்கமாட்டா. அவை பின்வீட்டிலும் கிணற்றடியிலும் பழைய கடன்களுக்குள்ளும் இருப்பவை. படம் சறுக்குவது இந்த இடத்தில் என்பது என் எண்ணம். முதற்படத்தில் கல்யாணத்துக்கு இந்த உலகத்தில் முடியாத காரியம் இருந்தது: கொன்றவர்கள் உயிரோடு இருந்தார்கள், காதலித்தவள் காத்திருந்தாள். தொடர்ச்சியில் அந்தக் காரியம் முடிந்துபோயிற்று. ஆவி இப்போது கதாநாயகனுக்கு ஒரு வசதி மட்டும். சங்கடமான நேரத்தில் கைகொடுக்கும், சண்டையில் உதவும். ஏக்கம் இல்லாத பேய் சுற்றுலாப் பயணிதான். கமலின் உழைப்பும் ராஜாவின் இசையும் இருந்தும் படம் நெஞ்சில் ஒட்டாமல் போனதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வேன். அம்மா இடைவேளைக்கு முன்பே படுக்கப் போய்விட்டார்.

போன நாட்டிலோ பேய்க்காதல் கதைகள் கொட்டிக்கிடக்கின்றன. உவேதா அகினாரி 1776இல் வெளியிட்ட ‘உகெட்சு மொனொகதாரி’ தொகுப்பில் ஒரு கதை: கட்சுஷிரோ என்பவன் வியாபாரத்துக்காகத் தலைநகருக்குப் போகிறான். இலையுதிர் காலத்தில் திரும்பிவிடுவேன் என்று மனைவி மியாகிக்கு வாக்குக் கொடுக்கிறான். போர் வந்து வழி அடைபடுகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து ஊருக்கு வருகிறான். வீடு இருக்கிறது, விளக்கு எரிகிறது, மெலிந்துபோன மனைவி இருக்கிறாள். இருவரும் பேசிப் பேசித் தூங்குகிறார்கள். விடிந்து பார்த்தால் கூரை இல்லாத வீட்டில் புல்லுக்கு நடுவே அவன் தனியே கிடக்கிறான். அவள் எப்போதோ இறந்துவிட்டாள். கென்ஜி மிசொகுச்சி 1953இல் எடுத்து வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற ‘உகெட்சு’ படம் இந்தக் கதையையும் இதே தொகுப்பின் இன்னொரு கதையையும் பின்னியது. போர், வழி அடைபடுதல், ஏழு ஆண்டுகள், திரும்பி வருதல். ஈழத்து வாசகருக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை.

அந்த மரபு பகிடியாகவும் மாறும் என்பதற்கு 2018இல் வந்த ஒரு படம் சாட்சி. ஹிதெகி தகெஉச்சி இயக்கியது. ‘இன்றிரவு, ரொமான்ஸ் திரையரங்கில்’ என்று பெயரைத் தமிழாக்கலாம். கதை நடப்பது 1960இல். படப்பிடிப்புத் தளத்தில் எடுபிடி வேலை செய்யும் உதவி இயக்குநன் கென்ஜி, ஒரு சின்னத் திரையரங்கில் எல்லாரும் மறந்துபோன கறுப்புவெள்ளைப் படம் ஒன்றைத் தனியே இருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஒருநாள் அந்தப் படத்தின் இளவரசி மியுகி திரையை விட்டு இறங்கி வந்துவிடுகிறாள். வந்தவளும் கறுப்புவெள்ளைதான். அவளுக்கு ஒப்பனைப் பொருள்களால் நிறம் பூசி வெளியே கூட்டிப்போகிறான் அவன். இளவரசி ஆகையால் எல்லாரையும் அதட்டுகிறாள். கண்டவர்களை எல்லாம் அடிக்கிறாள். ஹருகா அயாசே அந்த அதட்டலை அவ்வளவு ரசிக்கும்படி செய்கிறார்.

ஆனால் ஒரு நிபந்தனை. மனிதரின் சூடு அவள்மேல் பட்டால் அவள் மறைந்துபோவாள். தொடாதே! சாத்தனூரில் கேட்ட அதே சொல். ஆனால் இங்கே சொல்கிறவள் விலகிப் போவதற்காகச் சொல்லவில்லை, கூட இருப்பதற்காகச் சொல்கிறாள். முக்கியமான வேறுபாடு இன்னொன்று: இந்த நிபந்தனை இருவருக்கும் தெரியும். அவன் தன் வாழ்நாளை எண்ணிப்பார்த்துச் சம்மதிக்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். அவன் கிழவனாகிறான், அவளுக்கு வயது போவதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் கிழவனைப் பார்க்க ஓர் இளம்பெண் வந்துபோகிறாள், பேத்தி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு முறைகூடத் தொடாமல் ஒரு தாம்பத்தியம் முடிந்திருக்கிறது. முடிவில் அவர்கள் தொடுகிறார்கள். அந்தத் தொடுகையின் விலை என்ன என்று இருவருக்கும் தெரியும்.

படம் இனிப்புக் கூடியது என்று குறை சொல்லலாம். மறந்துபோன பழைய சினிமாவுக்கு எழுதிய காதற்கடிதம் என்பதால் அந்த இனிப்பை நான் மன்னிக்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு திரையரங்கு இருந்தது. அப்டன் பார்க் நிலையத்தில் இறங்கி, குவீன்ஸ் சந்தையைக் கடந்து, கிரீன் வீதியில் தெற்கே நடந்தால் பார்க்கிங் வீதியில் போலீன். 1938இல் ஓடியன் திரையரங்காகக் கட்டியதைத் தொண்ணூறுகளில் இந்தியப் படங்களுக்காகத் திறந்தார்கள். அதுவும் மூடப்பட்டுவிட்டது, பக்கத்தில் இருந்த வெஸ்ட் ஹாம் மைதானமும் 2016இல் இடம்பெயர்ந்து அங்கே இப்போது அடுக்குமாடிகள். திரையிலிருந்து இறங்கி வர ஓர் இளவரசி விரும்பினாலும் அப்டன் பார்க்கில் அவளுக்கு இனித் திரை இல்லை.

*

தமிழில் அண்மைக்காலத்தில் இந்த வகைப் படங்கள் நிறைய வருகின்றன. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இரண்டும் அம்மாவின் கேள்விக்குக் கிட்ட வருவதால்.

அஷ்வத் மாரிமுத்துவின் ‘ஓ மை கடவுளே’ (2020) விவாகரத்து வாசலில் நிற்கும் ஒரு கணவனுக்குக் கடவுள் இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்கும் கதை. கடவுளாக விஜய் சேதுபதி. காலம் பின்னால் போகிறது. சிநேகிதியைக் கல்யாணம் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் வாழ்ந்து பார்க்கலாம். இதமான படம். ஆனால் முன்னைய வாழ்க்கை நினைவிருப்பது அவனுக்கு மட்டும்தான். அனுவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கலியாணத்தை இரண்டு முறை வாழ்ந்து பார்த்தவன் ஒருவன். அந்தச் சோதனை நடந்ததே தெரியாதவள் மற்றவள். கடவுள் அவளிடமும் ஒருத்தரையும் கேட்கச் சொல்லவில்லை.

ஏ.ஆர்.கே. சரவனின் ‘மரகத நாணயம்’ (2017) இன்னும் துணிச்சலானது. பழைய அரசன் ஒருவனின் மரகத நாணயத்தைத் திருடப் புறப்படும் செங்குட்டுவனுக்கு உதவியாக ஆவிகள் பிணங்களுக்குள் புகுந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று, அவன் ஒருதலையாகக் காதலித்து, வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, இறந்துபோன பெண்ணின் உடல். அதற்குள் புகுந்த ஆவியோ ஆண். நிக்கி கல்ராணி வாயைத் திறந்தால் ஆம்பிளைக் குரல் வருகிறது. வேட்டிக்காரனைப் போல நடக்கிறார், உட்காருகிறார். ஆதி அந்த முகத்தைப் பார்த்து உருகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் அவரைக் கீழே போடுகிறது.

மூலன் கதையை ஆண் பெண் மாற்றிப்போட்டால் இதுதான். உடம்பு தெரிந்த உடம்பு, உள்ளே இருப்பது அந்நியர், தொடாதே என்கிறது குரல். சேக்கிழாரின் பெண் ஓர் இரவு முழுவதும் பட்டதை இங்கே ஓர் ஆண் படம் முழுவதும் படுகிறான், நாம் சிரிக்கிறோம். அவன் காதலித்தது முகத்தையா ஆளையா என்று படம் அவனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ‘கல்யாணராமன்’ இரட்டையரை வைத்துத் தவிர்த்த கேள்வியை இந்தப் படம் குரலை வைத்துக் கேட்டுவிட்டது. பேய்ப் பகிடிப் படங்களுக்குள் இதை நான் ஒருபடி மேலே வைப்பது அதனால்தான். ஆனால் இங்கும், அந்தப் பெண்ணின் கதை முடிந்த இடத்திலிருந்துதான் அவளுடைய உடம்பின் கதை தொடங்குகிறது. கேள்வி கேட்கப்படுகிறது, ஆணிடம்.

*

இனி அம்மாவின் பக்கம். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது, பேரைப் போடாதை” என்றார்.

‘ஜப்பானில் கல்யாணராமன்’ வெளிவந்த ஆண்டில் நான் பிறந்தேன். அடுத்த ஆண்டு அப்பா லண்டனுக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் வந்து சேர்ந்தது 1994இல், கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் தாண்டி, கொழும்பில் மாதக்கணக்கில் காத்திருந்து. இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டும் எனக்கு அப்பா என்றால் ஒலிநாடாவில் வந்த குரல். கடிதம் எழுத அவருக்குப் பஞ்சி. கசெற்றில் பேசி யாராவது வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். இழுத்து இழுத்துச் சிரிப்பார், ஊரில் பார்த்த படங்களைப் பற்றிக் கதைப்பார். கல்யாணராமனைப் போலப் பேசிக்காட்டுவார். அம்மா அந்த நாடாவை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் போட்டுக் கேட்பார். உடம்பில்லாத குரலோடு எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார்.

ஹீத்ரோவில் வந்து நின்றவர் குறைவாகப் பேசினார். மீசை இல்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த கண்கள். என்னைத் தூக்க வந்தபோது நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மாவின் கையிலிருந்த பெட்டியை அவர் வாங்கப்போனார். அம்மா கொடுக்கவில்லை. அது மட்டும் எனக்கு நல்ல ஞாபகம். வெட்கம் என்று அப்போது நினைத்தேன்.

“முகம் கொப்பற்றை முகந்தான்,” என்றார் அம்மா இந்தப் பனிக்காலத்து இரவில், படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது. “ஆனா உள்ளுக்கை வேறை ஆரோ இருந்தினம்.”

ஊரிலே அதை யாரிடம் முறையிட முடியும்? எட்டு ஆண்டுகள் காத்திருந்து புருஷனிடம் போய்ச் சேர்ந்தவள், வந்திருப்பவர் என் புருஷன் இல்லை என்று சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சாத்தனூரில் உள்ளே வந்திருந்தவர் ஒரு யோகி. அதனால் அந்தப் பெண்ணின் கதை புராணத்தில் ஓர் ஓரத்திலாவது இடம்பிடித்தது. எங்கள் தெருக்களில் உள்ளே வந்திருந்தது இரவு வேலையும் கடனும் அகதி விண்ணப்பத்துக்கான காத்திருப்பும். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் அந்த இரவைத் தூங்காமல் கழித்தார்கள் என்று எந்தப் புராணத்திலும் இல்லை. ஆண்களுக்கும் இதே கேள்வி இருந்திருக்கும்: விட்டுவந்த பெண்ணா இவள், குண்டுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் எட்டு ஆண்டுகள் தனியே பிள்ளை வளர்த்தவளுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள்?

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள். போலீன் திறந்த பிறகு மாதம் ஒருமுறையாவது எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போவார். படங்கள் அவ்வளவாக நினைவில்லை. இருளில் அவர் சிரிக்கும்போது அம்மா திரும்பி அவரைப் பார்ப்பது நினைவிருக்கிறது. கசெற்றில் கேட்ட அந்த இழுத்த சிரிப்பு அங்கேதான் சில வேளை வெளியே வரும்.

இதனால்தான் என் ஒப்பீட்டுக் கட்டுரை வேறு ஒன்றாகிவிட்டது. பேய்க்காதல் பகிடிப் படம் பொழுதுபோக்குத்தான்; அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அது தொடுகிற கேள்வி எங்கள் வீடுகளுக்குள் நடந்த கேள்வி. திரும்பி வந்தவர் போனவர்தானா? இல்லை என்றால், வந்தவரோடு என்ன செய்வது? ஜப்பானியப் படத்தில் இருவரும் நிபந்தனையைத் தெரிந்துகொண்டு சேர்ந்து வாழ்கிறார்கள். தமிழ்ப் படங்களில் ஆவிக்கும் கடவுளுக்கும் கதாநாயகனுக்கும் தெரிகிறது; அவளுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. மூலன் மனைவியின் வீட்டுக்குள் கமெராவை வைத்து, அந்த இரவிலிருந்து தொடங்குகிற ஒரு பகிடிப் படம் தமிழில் இன்னும் வரவேண்டும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ வளர்ந்த ஒருவர்தான் அதை எடுப்பார் என்று எனக்கொரு நம்பிக்கை.

பகிடிப் படம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அன்றிரவு அம்மாவிடம் கடைசியாகக் கேட்டேன், பிறகு எப்போது அது அப்பாதான் என்று தெரிந்தது என்று.

“தெரியேல்லை,” என்றார். “போனாளைத் திரும்பக் காணேல்லை. வந்தாளோடை பழகினன்.” ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினார். “வந்தாளும் நல்ல ஆள்தான். ஆனா பல்லு மட்டும் போனாளின்ரை பல்லு. சிரிச்சா ரெண்டு பேரும் ஒரேமாதிரித்தான் இருப்பினம்.”